அரை அவுன்ஸுக்கு மேல்

ரோடு போடுகிற முனிசிபல் தார்க் கூட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பாதையோரம் எதையெல்லாம் எடுத்து வைக்கிறார்களோ, அதெல்லாம் பொழுது சாய்வதற்குள் தீர்ந்தாக வேண்டும். உருக்கிய தாரை மிச்சம் வைத்தால் மறுநாள் அது பீப்பாய்க்குள்ளேயே கல்லாகிக் கிடக்கும். கொட்டிய சல்லியை அப்படியே விட்டால் மழை அதைச் சாக்கடைக்குள் கொண்டுபோய்விடும். இருபத்தாறு வருஷமாக அந்த வேலையில் இருக்கும் அப்பாசாமிக்கு இது எலும்பில் ஊறிப்போன சங்கதி. தயாராக இருக்கிற சாமானைக் கண்டால் அவர் கை சும்மா இராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்த கோளாறுக்கும் அதுதான் காரணம்.

காஜா பேராங்கில் கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில், பலகை அடித்த வாடகை வீடு அவருடையது. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கப் போனபோது, மேசைமேல் மாவு டின்னுக்கு அடியில் இரண்டு உறைகள் இருந்தன. இரண்டும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் போட்ட ஆகாயத் தபால் உறைகள். இரண்டும் நன்றாக ஒட்டியிருந்தன. இரண்டிலும் தபால்தலை இருந்தது. மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கி வருஷம் ஒன்று நிறையப் போகிறது, தபால்தலையிலிருந்து மட்டும் வெள்ளைக்கார ராணியம்மா இன்னும் இறங்கவில்லை. இரண்டு ராணியம்மாக்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழிலாளர் சங்கத்து வகுப்பில் நாற்பத்து நாலாவது வயதில் உட்கார்ந்து அவர் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் தெரிந்தது ஒன்றிரண்டு எழுத்துதான். அதில் 'எல்' ஒன்று, வண்டி பழகுகிறவர்கள் பின்னால் மாட்டிக்கொண்டு போகிற எழுத்து. இரண்டு உறையிலும் கடைசி வரி அந்த எழுத்தில்தான் ஆரம்பித்தது. லண்டன்.

ஆக, கோகிலா பதில் எழுதிவிட்டாள்.

மகள் பின்கட்டில் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்து "என்ன எழுதினே ஆயி?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! போகிறேன் என்று சொன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? போகவில்லை என்று சொன்னால்தான் எங்கே வைத்துக்கொள்வது? எதற்கு இரண்டு கடுதாசி என்று ஒரு கணம் யோசித்தார். லண்டன் என்றால் சும்மாவா, இரண்டு ஆபீஸாவது இருக்கும், ஆளுக்கு ஒன்று போகிறதாக்கும் என்று தானே விடையும் சொல்லிக்கொண்டார். இரண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தெங்கேரா ரோட்டில் அன்று அவர்களுக்குக் குழி அடைக்கிற வேலை. பாதையோரச் சிவப்புப் பெட்டியின் வாயில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும், ஒரு வேலை முடிந்தது என்று பெருமூச்சு விட்டார்.

லண்டனிலிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோகிலா சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில் கணக்கில் பட்டம் வாங்கியவள். ஒரு வருஷமாக டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். லண்டனில் மேல்படிப்புக்கு இடம் இருக்கிறது, இரண்டு வருஷம், செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வருகிறாயா இல்லையா என்பதை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் தெரியப்படுத்து என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கே அது சந்து முழுக்கப் பரவிவிட்டது.

பக்கத்து வீட்டு ருக்மணி கேட்டாள்: "இங்க இல்லாத கணக்கா அண்ணே லண்டன்ல இருக்கு? ரெண்டும் ரெண்டும் அங்க போனா அஞ்சாயிருமா?"

"ஆகுமான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்க்கா," என்றாள் கோகிலா.

"பாத்துட்டு வர்றதுக்குள்ள ஒன் வயசு கூடிப்போயிரும். அந்தக் கணக்கையும் போடு."

தார்க் கூட்டத்தை மேய்க்கிற மண்டோர் சுப்பையனின் பேச்சு வேறு தினுசு. "யோசிச்சுப் பாருப்பா அப்பாசாமி. வெள்ளைக்காரன் இங்க நாற்காலிய காலி பண்ணிக்கிட்டு இருக்கான். தலைநகரு கே.எல்.ல ஒவ்வொரு ஆபீசா நம்ம ஆளுங்க கைக்கு வருது. இந்த நேரத்துல போயி அவன் ஊரு நாற்காலியில ஒக்காரணுமா? இங்கயே இருந்தா நாளைக்கு ஒன் மக பெரிய டீச்சரு."

எல்லாருக்கும் ஒரு யோசனை இருந்தது. அப்பாசாமியிடம் மட்டும் இல்லை. கோகிலா இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் "ஒன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். போ என்றால் மகளை வீட்டைவிட்டு விரட்டுகிற மாதிரி ஆகிவிடும். இரு என்றால், அவள் குணம் அவருக்குத் தெரியும், மறுபேச்சு பேசாமல் இருந்துவிடுவாள். அம்மா பாக்கியலட்சுமி ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் போன பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேர்தான். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் சொல்கிற வார்த்தை இன்னொருவர் தலையில் எவ்வளவு பாரமாக இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். சல்லிமேல் தாரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புகைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்து நின்றது. கோகிலா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அப்பா, மேசைமேல வெச்சிருந்த கடுதாசி எங்கப்பா?"

"போட்டாச்சும்மா."

"எத?"

"எதன்னா? ரெண்டையுந்தான்."

கோகிலா சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அப்பாசாமிக்கு விளங்கவில்லை. இரண்டும் கலந்துதான் வந்தது.

"ஒண்ணுல வர்றேன்னு எழுதியிருந்தேன்ப்பா. இன்னொண்ணுல வரலைன்னு எழுதியிருந்தேன்."

மண்டோர் சுப்பையன் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். தார் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள்.

"எதுக்கும்மா அப்பிடி?"

"எந்தப் பக்கமும் சாயாம யோசிக்கணும்னுதான். ரெண்டையும் எழுதி, ரெண்டையும் ஒட்டி, ரெண்டுலயும் ஸ்டாம்ப வெச்சு, ஒரே மாதிரி தயார் பண்ணி வெச்சிட்டேன். இன்னிக்கு மத்தியானம் வந்து ஒண்ண எடுத்துப் போடுவோம், இன்னொண்ண அடுப்புல போடுவோம்னு இருந்தேன்."

"கணக்குப் படிச்ச புள்ள புத்தியப் பாரு," என்றார் சுப்பையன். "நாங்கள்லாம் பூவாச்சும் கட்டிப் பாப்போம். நீ தபால் ஆபீசையே கட்டிப் பாத்திருக்கே."

அப்பாசாமி கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "இன்னொரு கடுதாசி எழுதிப் போட்டா என்னம்மா? மொதல்ல வந்தத பாக்காதீங்கன்னு?"

"வர்றேன்னு ஒண்ணு, வரலைன்னு ஒண்ணு, ரெண்டையும் பாக்காதீங்கன்னு ஒண்ணு. மூணையும் படிச்சா கிறுக்கச்சின்னு நினைச்சுக்குவாங்கப்பா. வரலைங்கறத மொதல்ல பிரிச்சாங்கன்னா அன்னிக்கே எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. காத்துக்கிட்டு நிக்கிறவங்க நெறைய பேரு."

பெட்டிக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருந்த அப்துல் கய்யூம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். "பொட்டியப் பாத்துப் பிரயோசனம் இல்லம்மா. பதினோரு மணிக்கே வேன் வந்து வாரிக்கிட்டுப் போயிருச்சு. டவுன் தபால் ஆபீசுக்குப் போங்க. பிளேன் மூணு மணிக்குத்தான். பத்து பெரெண்டாம் ஏர்போர்ட்டுக்குத் தபால் மூட்டை ஒரு மணிக்குக் கிளம்பும், என் மச்சான்தான் அந்த வேன் ஓட்டுறான். ஓடுங்க, ஓடுங்க!"

அப்பாசாமி மண்டோரைப் பார்த்தார். மண்டோர் பாதையோரம் நின்ற ஸ்டீம்ரோலரைப் பார்த்தார். "அதுல போனா நாளன்னிக்குப் போயிச் சேரலாம்," என்றார். "சைக்கிள்ல போப்பா. ஒன் பங்குக் குழிய நான் அடைக்கிறேன். ஆனா ஒண்ணு, இனிமே எவன் வீட்டுக் கடுதாசியையும் தொடாத."

அப்பாசாமிக்கு வலது முழங்கால் மடங்காது. பெடலை மிதிக்க முடியாது. கோகிலா ஏறி உட்கார்ந்து, "பின்னால ஒக்காருங்கப்பா," என்றாள்.

"நானா?"

"வேற யாரு? தூக்கிப் போட்டது நீங்க. வந்து அடையாளம் சொல்லணும்ல."

தார் ஒட்டிய காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மகளுக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து தெங்கேரா ரோட்டில் போனபோது அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கடைவாசலில் நின்ற சீனத்திகள் பார்த்தார்கள். பள்ளிவாசல் பக்கம் நின்ற ஆள்கள் பார்த்தார்கள். டீச்சர் சேலை கட்டின பெண் மிதிக்கிறாள், கடா மாதிரி ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்! இரண்டு மேட்டில் இறங்கி நடந்தார். மூன்றாவது மேட்டில் இறங்கப் போனபோது, "சும்மா இருங்கப்பா, என்னால முடியும்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே மிதித்து ஏறிவிட்டாள். அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முதுகை ஜப்பான்காரன் காலத்தில், ஏழெட்டு வயசில், தோளில் தூக்கிக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு தேடி அலைந்தது ஞாபகம் வந்தது. இப்போது அது தன்னைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறது. கூச்சம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

டவுன் தபால் ஆபீசில் ஆகாயத் தபாலைப் பார்க்கிற குமாஸ்தா, ஊர்ப்பேச்சில் கிராணி, தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். கோகிலாவைக் கண்டதும் எழுந்துவிட்டார், அவர் மகள் விஜயா கோகிலா வகுப்பில் படிக்கிறவள்.

"வாங்கோ ரீச்சர். இந்த வெயிலுக்க என்ன அவசரம்?"

கோகிலா சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை சிரிப்பு வந்து இரண்டு தடவையும் அடக்கிக்கொண்டார். உள்ளே போய்த் தட்டைக் கிளறி இரண்டு உறைகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஓம், உங்கட கையெழுத்துத்தான். எழுதினவர் வந்து கேட்டால் திருப்பிக் குடுக்கலாம். ஒரு ஃபாரம் நிரப்ப வேணும். எதை எடுக்கப் போறியள்?"

கோகிலா இரண்டையும் பார்த்தாள். கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். "ரெண்டையும் குடுங்க சார். வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சு, வெள்ளிக்கிழமை பிளேனுக்குப் போட்டுர்றேன்."

"எந்தத் திகதிக்குள்ள அங்க போக வேணும்?"

"இருபத்தெட்டு."

"வெள்ளிக்கிழமை போட்டால் இருபத்தெட்டுக்குப் போகாது ரீச்சர். இண்டைக்கு விட்டால் விட்டதுதான். இன்னும் இருபது நிமிஷத்தில மூட்டை கட்டிப்போடுவாங்கள். கெதியாச் சொல்லுங்கோ."

கோகிலா திரும்பிப் பார்த்தாள். அப்பாசாமி வாசற்படியிலேயே நின்றிருந்தார். சிமெண்டுத் தரையில் தார்க்கால் பட்டுவிடும் என்று உள்ளே வரவில்லை.

"அப்பா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு வாரமா என் இஷ்டம் என் இஷ்டம்னு சொல்லி என்னைக் கொல்றீங்க. என் இஷ்டம் எதுன்னு தெரிஞ்சா நான் ஏன் ரெண்டு எழுதுறேன்?"

கேட்காமல் தப்பித்ததெல்லாம் இங்கே வந்து வழி மறித்துக்கொண்டு நின்றது. அப்பாசாமி உறைகளைக் காட்டி, "இதுல எது எதும்மா?" என்றுதான் கேட்டார்.

அவளுக்கும் தெரியவில்லை. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றுதானே செய்தாள்.

"உதுக்கென்ன, நிறுத்துப் பார்ப்பம்," என்றார் தம்பிராஜா. பித்தளைத் தராசில் ஒரு உறையை வைத்தார். முள் கொஞ்சம் அசைந்து நின்றது. எடுத்துவிட்டு மற்றதை வைத்தார். தட்டு டக்கென்று இறங்கியது. "இது அரை அவுன்ஸுக்கு மேல. ஒட்டின முத்திரை காணாது, இன்னும் ஒட்ட வேணும். உள்ளுக்கு என்ன, புத்தகமே வைச்சிருக்கிறியள்?"

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். "வரலைங்கறது அதான். மூணு பக்கம். தனித்தனித் தாள்ல."

"மத்தது?" என்றார் அப்பாசாமி.

"நாலு வரி."

அப்பாசாமி படியை விட்டு உள்ளே வந்தார். சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒன்று, இரண்டு, மூன்று அடி விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. தராசுப் பக்கம் வந்து நின்றார்.

"வரலைன்னு சொல்றதுக்கு மூணு பக்கமா? அப்படி என்னம்மா எழுதினே?"

"காரணந்தான்."

"என்ன காரணம்?"

"உங்க முழங்காலு. நீங்க வெந்நி வெச்சுக்க மாட்டீங்க. மழையில நனைஞ்சு வந்தா அந்தத் துணியோடயே ஒக்காந்துக்குவீங்க. தார்ப்புகையில இருமல் வருது, டாக்டர்கிட்ட போங்கன்னா போகமாட்டீங்க. சமைக்க உங்களுக்கு ரசம் மட்டுந்தான் தெரியும். நமக்குன்னு இங்க வேற யாரும் இல்ல. நான் போயிட்டா நீங்க ஒத்தையா..."

"முழுக்க நான்தானா?"

"ரெண்டே முக்கால் பக்கம் நீங்கதான்."

அப்பாசாமி தராசில் இருந்த உறையைப் பார்த்தார். தன் முழங்காலும் இருமலும் ரசமும் அதற்குள் ஒட்டிக்கிடக்கின்றன, ராணியம்மா முகத்தை ஒட்டிக்கொண்டு லண்டனுக்குப் போக இருந்தன என்று நினைத்தபோது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"அப்போ இது என் கடுதாசி," என்றார். "என் கடுதாசிய நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"எழுதினது நான்ப்பா."

"எழுத்து ஒன்னுது. விஷயம் என்னுது. என் முழங்காலு வலி பத்து வருஷமா என்கூட இருக்கு. நீ சிங்கப்பூர்ல இருந்தப்பவும் இருந்துச்சு. நீ திரும்பி வந்தோன்ன அது கிளம்பியா போயிருச்சு? ரசம் வெக்கத் தெரியுமில்ல, அதுக்கு மேல ருக்மணி இருக்கா, வாய்தான் நீளம், கை தாராளம். ஒத்தையா இருப்பேன்னு எழுதினியே..." அவர் உறைமேல் விரலை வைத்தார். "இருப்பேன்தான். அது பொய்யில்ல. ராத்திரி சோத்துக்கு ஒக்காந்தா வீடு வெறிச்சின்னுதான் இருக்கும். ஆனா அத போயி யாரோ ஒரு லண்டன்காரன்கிட்ட ஏன் சொல்றே? என்கிட்ட சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்ல?"

"நீங்கதான் பேசவே மாட்டேன்றீங்களே."

"இப்ப பேசுறேன்ல."

தம்பிராஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்காத மாதிரி பேனாவை எடுத்து மையில் தோய்த்தார்.

"மீதி கால் பக்கம்?" என்று கேட்டார் அப்பாசாமி. "அதுல என்ன?"

கோகிலா சேலைத் தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள். கடைசியில், "பயமா இருக்குன்னு எழுதினேன்," என்றாள். "அங்க எல்லாரும் என்னை விட நல்லா படிச்சவங்களா இருப்பாங்க. குளிரு. பேசறதுக்கு ஆளு இல்ல. போயி முடியாம திரும்பி வந்துட்டா..."

"திரும்பி வந்தா வா. நான் என்ன கதவையா சாத்தப் போறேன்? அந்தக் கால் பக்கம் மட்டுந்தான் ஒன்னுது. அத நீயே வெச்சுக்க. கையோட கொண்டுக்கிட்டுப் போ. பயம் இல்லாம யாரும் எங்கயும் போனதில்ல. நானும் கப்பல்ல வந்தவன்தான்." ஒரு மூச்சு விட்டு, "போயிட்டு வா ஆயி," என்றார். "இது என் இஷ்டம். ஒன் இஷ்டம் எதுன்னு நீ சொல்லு."

கோகிலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரமாகத் தேடிய எதையோ தேடினாள். அது அங்கே இருந்தது போலிருக்கிறது. மேசையிலிருந்த மெல்லிய உறையைத் தானே எடுத்து, இரண்டு கையாலும் தம்பிராஜாவிடம் நீட்டினாள்.

"இது போகட்டும் சார். அந்தக் கனமானதுக்கு ஃபாரம் குடுங்க."

"இஞ்ச கையெழுத்து வையுங்கோ." தம்பிராஜா உறையை வாங்கி முத்திரை குத்தினார். குத்தின குத்தில் மேசை அதிர்ந்தது. "நீங்கள் போனால் என்ர விஜயாவுக்கு ஆர் கணக்குச் சொல்லிக் குடுக்கிறது? அவள் இப்பவே அல்ஜிப்ராவைப் பார்த்தால் வயிற்றுவலி எண்டுறாள்."

"செப்டம்பர் வரைக்கும் இருக்கேன் சார். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புங்க. முடிச்சிட்டுத்தான் போவேன்."

"அப்ப சரி," என்றார் தம்பிராஜா. மெல்லிய உறையைத் தட்டில் போடாமல், தானே எடுத்துக்கொண்டுபோய் மூட்டைக்குள் வைத்தார். திரும்பி வந்து தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து தராசு வரைக்கும் கறுப்பாக ஏழெட்டுக் காலடி. அப்பாசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து தோள் துண்டால் துடைக்கப் போனார்.

"விடும், விடும். மண்ணெண்ணெய் போட்டால் போயிடும்," என்றார் கிராணி.

வெளியே வந்ததும் கோகிலா கனமான உறையை அப்பாவிடம் கொடுத்தாள். "உங்க கடுதாசி."

"இங்கிலீஷ்ல இருக்குமே."

"சாயந்திரம் படிச்சுத் தமிழ்ல சொல்றேன்."

"ஒவ்வொண்ணா சொல்லு. ஒவ்வொண்ணுக்கும் பதில் இருக்கு என்கிட்ட. அந்த இருமல் விஷயத்துக்கு மட்டும் இல்ல. அதுக்கு டாக்டர்கிட்ட போறேன்." உறையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அங்க போயி எனக்குத் தமிழ்ல எழுது. பெரிய எழுத்தா எழுது. கூட்டெழுத்து கீட்டெழுத்துன்னு கிறுக்கினா எனக்கு ஓடாது. ரெண்டு பக்கம் போதும்."

"நீங்க பதில் எழுதுவீங்களா?"

"எழுதாம? படிச்சதெல்லாம் எதுக்கு வெச்சிருக்கேன்? ஆனா நீதான் ஒறைமேல விலாசம் எழுதி எழுதி, கட்டா வெச்சிட்டுப் போகணும். ஸ்டாம்ப நான் ஒட்டிக்கிறேன்."

"எத்தனை ஒறை?"

"ரெண்டு வருஷத்துக்கு எத்தனை வாரம்? நீதானே கணக்கு டீச்சரு."

பள்ளிக்கூடத்து மத்தியான மணிக்கு நேரம் ஆகியிருந்தது. கோகிலா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். மூலையில் திரும்புகிற இடத்தில் ஒரு கையை விட்டு ஆட்டினாள். சைக்கிள் ஆடியது. "கையப் புடி, கையப் புடி!" என்று அவர் கத்தினார். அவள் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ பிசைந்தது. இது பிசையத்தான் செய்யும், செப்டம்பர் வரைக்கும் பிசையும், அதற்குப் பிறகும் பிசையும். ஆனாலும் மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லியாகிவிட்டது.

வெயிலில் நடந்தே தெங்கேராவுக்கு வந்தார். அவர் பங்குக் குழியை மண்டோர் அடைக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். "ஒன் வேலைய நீதான் செய்யணும்," என்று சுப்பையன் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். "என்னாச்சு? இங்கயா, லண்டனா?"

"லண்டன்!" என்று அப்பாசாமியும் சத்தம் போட்டார். அந்தச் சொல்லைத் தன் வாயால் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காப்பிக் கடையில் அப்துல் கய்யூம் கையைத் தட்டினார். அப்பாசாமி சிரித்துக்கொண்டே பாதையைத் தாண்டப் போனார். வழியில் சிவப்புத் தபால் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைக் கண்டதும் அவர் கை தன்னால் மேலே போய்ச் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு அடி தள்ளியே நடந்து, சுற்றிக்கொண்டு போய்த் தார் வாளியைத் தூக்கினார்.